திரையின் வலது பாதி

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும், நினைத்ததை மடித்து வைப்பதுமாகவே எனக்குப் பல வருஷங்கள் போய்விட்டன. ஆடி பிறந்தால் நினைப்பு வரும். ஆடி முடிந்து நாற்றுப் பறிக்கும் வேலை தொடங்கியதும், 'நமக்கு எதற்கு வம்பு' என்று விட்டுவிடுவேன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, எழுதிப் பழக்கம் இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அது சாக்குதான். உண்மையான பயம் வேறு. அம்பாள் நடத்திக் காட்டியதாக ஊர் சொல்லும் ஒன்றை, 'அப்படி இல்லை' என்று நான் சொன்னால் அபசாரமாகிவிடுமோ என்ற பயம். அதோடு, ஊர் சொல்கிறபடியே இருந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குத்தான் பெருமை. அதை நானே போய்க் கலைப்பானேன் என்ற ஆசையும் உள்ளே இருந்திருக்கிறது. அம்பாளுக்குத் தெரியாததா?

போன ஆடிப்பூரத்தன்று சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. என் கணவருடைய அண்ணன் மகள். அழுகிற குரல்.

"சித்தி, ஊர் வாட்ஸப் குரூப்ல ஒண்ணு வந்துச்சு. நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு அதெல்லாம் எங்கம்மா தெரியும்?"

"தம்பி பங்கை அபகரிச்ச அண்ணனுக்கு அம்பாள் முகத்தைக் காட்ட மறுத்த அற்புதம்னு போட்டிருக்காங்க சித்தி. பத்துப் பேருக்கு அனுப்பினா நல்லது நடக்குமாம். ஊர்ப் பேரும் இருக்கு. எங்கப்பா பாவியா சித்தி? நீங்க அங்கதானே நின்னீங்க. நீங்களே சொல்லுங்க."

"அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டேன். அன்று கோயிலுக்குப் போய் நின்றபோது எனக்கு அம்பாள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சிவன் கோயிலில் அம்பாள் சந்நிதித் திரை எங்கள் வீட்டுக் கட்டளை. அதாவது, சந்நிதி வாசலில் அலங்காரத்தின்போதும் நைவேத்தியத்தின்போதும் மூடுகிற துணியை எங்கள் குடும்பம்தான் கொடுக்க வேண்டும். என் மாமனாரின் தகப்பனார் காலத்திலிருந்து அப்படி. ஆடிப்பூரத்தன்று அம்பாளுக்கு வளையல் அலங்காரம். கழுத்திலிருந்து பாதம் வரை கண்ணாடி வளையல்தான். அது முடிகிற வரை திரை மூடியிருக்கும். மேளம் ஏறும், மணி அடிக்கும், திரை திறக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் வெளியூரில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களெல்லாம் அன்றைக்கு வந்து சேர்வார்கள்.

மாமனார் காலமான பிறகு நிலம் பிரிந்தது. வாய்க்காலின் தலைப்பக்கம் பெரியவருக்கு, கடைப்பக்கம் எங்களுக்கு. என் கணவரின் அண்ணனை நான் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைச்சலாக வந்தது. பெரியத்தான் தன் நாற்றங்காலுக்கு நீர் ஏற வேண்டும் என்று வாய்க்காலின் குறுக்கே மண்ணும் வைக்கோலும் போட்டு அணைத்துவிட்டார். எங்கள் நாற்றங்கால் வெடித்தது. என் கணவர் மண்வெட்டியோடு போய் அந்த அணைப்பை வெட்டிவிட்டார். கரையில் நின்று இரண்டு பேரும் பேசிய பேச்சு என்னால் எழுத முடியாதது. பெற்ற தாயையும் இழுத்துவிட்டார்கள். அவர்கள் இருவருக்கும் அவள்தான் தாய் என்பதுகூட அப்போது நினைவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஒவ்வொரு ஆடியிலும் பெரியத்தான் வாய்க்காலை அணைப்பார். அவர் வயல் நிரம்பி வழிந்த பிறகுதான் எங்களுக்கு வரும். நாங்கள் போர் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வீம்பாக இருந்தோம். கோயிலுக்கு அவர் காலையில் போனால் இவர் சாயங்காலம். திருவிழா நாளில் இரண்டு பேரும் சந்நிதிப் பக்கமே வரமாட்டார்கள். கொடிமரத்தடியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். திரையைப் பற்றி யார் பேசுவது? பழைய திரையே தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறி, கீழே கிழிந்து, குருக்கள் வீட்டம்மா ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தார்.

ஒருநாள் என் கணவர் குருக்களிடம் போய், "சாமி, இந்த ஆடிக்கு நானே ஒரு திரை வாங்கிக் கொடுத்துடறேன்" என்றார்.

குருக்கள் சிரித்தார். "உங்கண்ணாவும் போன வாரம் இதையேதான் சொன்னார். ரெண்டு பேர்கிட்டயும் வாங்க மாட்டேன். கட்டளை உங்க வீட்டுது. வீடு ஒண்ணா வந்தா வாங்கிக்கறேன். இல்லேன்னா அம்பாள் ஒட்டுத் துணியோட இருக்கட்டும். அவளுக்கு என்ன, உங்களுக்குத்தான் வெக்கம்."

அந்த வார்த்தை இரண்டு வீட்டிலும் தைத்தது. முதலில் வந்தது என் ஓரகத்தி, பெரியத்தான் மனைவி. வாழைப்பூ ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்தார். "உங்க பெரியத்தான் ஒத்துக்கிட்டாரு. தஞ்சாவூர்ல போய் நாலு பேருமா வாங்கலாம்னாரு. 'அவன் வருவானான்னு கேட்டுட்டு வா'ன்னு சொன்னாரு. அவன்னு சொல்லிட்டாரு பாத்தியா, இத்தனை நாளா பேரே சொல்லமாட்டாரு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அண்ணன் முன்னால், தம்பி பின்னால். என் கணவர் டிக்கெட் எடுக்கப் பையில் கை விட்டபோது கண்டக்டர், "முன்னாடி இருக்கற ஐயா உங்களுக்கும் சேத்து எடுத்துட்டாருங்க" என்றார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

கீழவாசல் பக்கம் திரை தைக்கிற கடை ஒன்று. பந்தல் துணி, கார் உறை, நெல் மூடும் படுதா எல்லாமே அங்கே தைப்பார்கள். துணி எடுப்பதில் சண்டை வரவில்லை. நல்ல கனமான மெரூன் வெல்வெட், உள்பக்கம் அஸ்தர் துணி, கீழே ஜரிகைக் கரை. சண்டை வந்தது ஓட்டைக்கு.

திரையைக் கோத்துத் தொங்கவிட மேலே வரிசையாக ஓட்டை போட வேண்டும். துணி கிழியாமல் இருக்க ஒவ்வொரு ஓட்டைக்கும் உலோக வளையம் அடிக்க வேண்டும். கடைக்காரர் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். "இது ஐலெட். ஒத்தைத் துண்டு. முன்னால இருந்து சொருகி அடிச்சா, கால் பின்னால பூ மாதிரி விரிஞ்சு துணியைக் கவ்விக்கும். எடை இல்ல. இது வாஷர் ரிங். கிரோமெட்டும்பாங்க. ரெண்டு துண்டு. பின்னால ஒரு வாஷர் வச்சு அடிப்போம். ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கும். ஆனா பித்தளை, கனம்."

"வாஷர் ரிங் போடுங்க" என்றார் என் கணவர். "ஐலெட்டு நம்பக்கூடாது. போன தடவை கொள்முதல் நிலையத்துல நெல்லைக் குமிச்சு மூடியிருந்தேன். ஒரே காத்து, மழை. படுதாவுல இருந்த ஐலெட்டு அத்தனையும் பொத்து பொத்துன்னு புடுங்கிக்கிச்சு. நெல்லு முளை விட்டுப் போச்சு."

பெரியத்தான் கடைக்காரரைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் பதில் தம்பிக்கு. "படுதாவை இழுத்துக் கட்டத் தெரியாதவனுக்கு எந்த ரிங்கு போட்டாலும் புடுங்கிக்கும். அம்பாள் தலைக்கு மேல எதுக்குய்யா இத்தனை பித்தளைக் கனம்? துணி தொங்கிப்போயிடும். ஐலெட்டு போடுங்க."

"தொங்கிப்போனா நான் தூக்கிக் கட்றேன்."

"நீ தூக்கிக் கட்டின லட்சணத்தைத்தான் நெல்லு சொல்லுதே."

கடைக்காரர் இரண்டு டப்பாவையும் மூடினார். "ஐயா, நீங்க சாமி திரைக்கு வந்தீங்களா, தார்ப்பாய்க்கு வந்தீங்களா?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும்கூட. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்து நான் பார்த்தது எத்தனை வருஷம் கழித்தோ. ஓரகத்தி என் கையைப் பிடித்து, "வா, நாம கரையைப் பாப்போம். அதுங்க அடிச்சுக்கட்டும். பேசிக்கிட்டாவது இருக்குதுங்களே" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். கடையின் மறுகோடியில் ஜரிகைக் கரைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு, நாங்களும் ஓயாமல் பேசினோம். பேசாமல் போன வருஷங்களுக்கும் சேர்த்துப் பேசினோம்.

அதனால் கடைக்காரர் கேட்ட ஒரு கேள்வி எங்கள் காதில் விழவில்லை. "மேல கோக்கறது கம்பியா, கயிறா?" என்று கேட்டிருக்கிறார். துணி தடிமனாக இருப்பதால் ஐலெட் கால் முழுசாக மடங்காது, பின்னால் கொஞ்சம் பிசிறு நிற்கும், கம்பி என்றால் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தம்பியும் ஒரே குரலில், "கம்பிதான்" என்றிருக்கிறார்கள். அவர்கள் சின்ன வயதில் பார்த்தது கம்பிதான். அது துருப்பிடித்து விழுந்ததும், குருக்கள் அதை எடுத்துவிட்டு முறுக்கிய நூல் கயிற்றைக் கட்டியதும் அவர்களுக்குத் தெரியாது. மற்ற நாளில் திரை ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும், மேலே யார் பார்ப்பார்கள்? திருவிழாவில் அது மூடித் திறக்கும்போது சந்நிதிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் தெரிந்திருக்கும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்று கொடிமரத்தோடு திரும்பியவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் திரும்பி வந்தபோது தீர்ப்பு ஆகியிருந்தது. கடைக்காரர்தான் வழி சொன்னாராம். "ஒரே துணியா இருந்தாத்தானே வம்பு? நடுவுல பிரிச்சு ரெண்டு பாதியா தைச்சுடறேன். வலது பாதி அண்ணனுக்கு, ஐலெட். இடது பாதி தம்பிக்கு, வாஷர் ரிங். நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் பிரிஞ்சா கல்யாண மண்டப மேடை மாதிரி ஜோரா இருக்கும்."

எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. நானும் தலையை ஆட்டினேன். அம்பாளுக்கு எந்தக் காலத்திலும் ஒரே துணிதான் திரை. நிலத்தைப் பிரித்த மாதிரியே அதையும் வகிர்ந்து ஆளுக்கொரு பாதி என்று எடுத்துக்கொள்கிறோமே என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒற்றுமைக்கு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டோம். சாயங்காலம் திரையைத் தைத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பேசவில்லை. ஆனால் வெல்வெட் மூட்டையை இரண்டு பேர் மடியிலும் சேர்த்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

ஆடிப்பூரத்துக்கு முதல்நாள் பெரியத்தான் எங்கள் வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. "தீபாராதனை முடிஞ்சதும் ஒரே தட்டுல விபூதி வாங்கிக்கிட்டு, எல்லாரும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க. வாய்க்கால் விஷயமும் அங்கயே பேசிக்கலாம்னு அவன்கிட்ட சொல்லும்மா" என்றார். என் கணவர் உள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "வரேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்தே சத்தமாகச் சொன்னார். பெரியத்தான் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நடை லேசாகிவிட்டது.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. விடியற்காலையிலேயே குருக்கள் திரையைக் கயிற்றில் கோத்துவிட்டார். மூடும்போது மெல்ல இழுத்து மூடியதால் ஒன்றும் தெரியவில்லை. புதுத் திரை, மேளச் சத்தம், உள்ளே வளையல்கள் உரசும் சத்தம். சந்நிதிக்கு நேர் எதிரே அண்ணனும் தம்பியும். வலது பாதிக்கு எதிரே அவர், இடது பாதிக்கு எதிரே இவர். தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியத்தான் தன் துண்டை இடுப்பில் கட்டியவர், தம்பி இன்னும் தோளிலேயே போட்டிருப்பதைப் பார்த்து, அவரே எடுத்து இவர் இடுப்பில் சுற்றிவிட்டார். பெண்கள் வரிசையில் நின்ற எனக்கும் ஓரகத்திக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர்கள் வீட்டில் வடை, பாயசத்தோடு இலை போடத் தயாராக எல்லாம் இருந்தது. அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இந்த இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

மணி அடித்தது. குருக்கள் உள்ளே நின்று இரண்டு கையாலும் திரையை ஒரே வீச்சில் பிரித்துவிட்டு, அடுக்கு தீபத்தை எடுக்க உட்பக்கம் திரும்பினார். இடது பாதி சரசரவென்று ஓடிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கியது. வலது பாதி ஒரு சாண்கூட நகரவில்லை. கயிறு மட்டும் அதிர்ந்தது.

என் கணவருக்கு முன்னால் அம்பாள் பாதி தெரிந்தாள். பெரியத்தானுக்கு முன்னால் வெறும் துணி.

பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். "பெரியவர் பக்கம் மறைச்சுட்டாளேடி அம்பாள்!"

மேளச் சத்தத்திலும் அது கேட்டது. பெரியத்தான் தலைக்கு மேல் கூப்பியிருந்த கைகளை இறக்கினார். கோபமாக இறக்கவில்லை. பிடிபட்டவன் இறக்குகிற மாதிரி இறக்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். என் கணவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் ஊர் சொல்வதில்லை. குருக்கள் தீபத்தோடு திரும்பினார். வெளிச்சம் துணியில் விழுவதைப் பார்த்தார். தீபத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அந்தப் பாதியை அப்படியே அள்ளி, கயிற்றுக்கு மேலே தூக்கிப் போட்டார். அம்பாள் முழுசாகத் தெரிந்தாள். பச்சையும் சிவப்புமாக வளையல், நடுவில் அந்த முகம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வெளிச்சம். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு மூச்சு பெரியத்தான் காத்திருக்கவில்லை.

அன்று அவர் வீட்டில் இலை போடவில்லை. ஓரகத்தி சமைத்ததையெல்லாம் கோயிலுக்கு வந்தவர்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் என் கணவர் வயலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, "அண்ணன் அணைப்பை வெட்டி விட்டுட்டாரு. வாய்க்கால் முட்ட தண்ணி வருது" என்றார். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். பெரியத்தான் கதவைத் திறந்து, நிலைப்படியில் நின்றபடியே சொன்னாராம்: "உன் தண்ணி உனக்கு வந்துடுச்சில்ல? அவ சொல்லிட்டா, நான் கேட்டுக்கிட்டேன். என் முகத்தைப் பாக்க அவளுக்கே பிடிக்கல. நீ எதுக்கு பாக்கற, போ."

ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. அம்பாள் தம்பி பக்கம் தீர்ப்பு சொன்னாள், அண்ணன் பயந்து தண்ணீரைத் திறந்துவிட்டார் என்று டீக்கடையிலெல்லாம் பேச்சு. என் கணவரை வழியில் பார்க்கிறவர்கள், "உங்களுக்கு அம்பாளே சாட்சி" என்பார்கள். இவர் தலை குனிந்து வந்துவிடுவார். தண்ணீர் வந்தது, அண்ணன் போனார். அந்த வருஷம் ஊரில் எங்கள் நடவுதான் முதல் நடவு. வயல் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை.

திரையின் வலது பாதியில் இரண்டு ஐலெட் பிய்ந்துவிட்டது என்று குருக்கள் தைக்கக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை மடியில் விரித்துப் பின்பக்கம் தடவியபோதுதான் என் விரலில் குத்தியது. ஐலெட்டின் கால் பூவாக விரிந்து துணிக்குள் மடங்கியிருக்க வேண்டும். மடங்காமல் முள் மாதிரி நின்றது. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். ஒவ்வொரு முள்ளிலும் குருக்கள் கட்டியிருந்த நூல் கயிற்றின் இழை. சம்பா நெல்லின் மூக்கு சேலையில் மாட்டுகிற மாதிரி மாட்டி, திரித்துக்கொண்டு கிடந்தது. இடது பாதியும் கூடவே வந்திருந்தது. அதன் வாஷர் ரிங்கைத் தடவிப் பார்த்தால் அதில் ஒரு இழைகூட இல்லை. இரண்டு பக்கமும் வழவழப்பு.

எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல வந்தது. கடையில் கம்பியா கயிறா என்று கேட்ட கதையை என் கணவர் அப்போதுதான் சொன்னார். "அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றேன். "நான் போனா, தண்ணியும் வாங்கிக்கிட்டு சமாதானம் பேச வந்துட்டான்னு நினைப்பாரு. நீ போ. உன்கிட்ட அவருக்கு எந்த வருத்தமும் கிடையாது" என்றார்.

துணியை எடுத்துக்கொண்டு போனேன். பெரியத்தான் மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"பெரியத்தான், கொஞ்சம் கையக் குடுங்க" என்று அந்த முள்ளைத் தொடச் செய்தேன். இழையைக் காட்டினேன். கம்பி போய்க் கயிறு வந்ததைச் சொன்னேன். "இது துணிக்குப் பொருந்தாத ஐலெட்டுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். நெல்லை உரசிப் பார்க்கிற மாதிரி கவனமாகத் தடவினார். பிறகு துணியை மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீ நல்ல மனசோட வந்திருக்கம்மா. ஆனா ஒண்ணு. ஐலெட்டு வேணும்னு கேட்டது நான்தான். என்னைக் கேக்க வச்சது யாரு? கம்பியைத் துருப்பிடிக்க வச்சது யாரு? அவ நினைச்சா முள்ளுலயும் ஓடியிருக்காதா? நான் வாய்க்காலை அடைச்சேன். அவ திரையை அடைச்சா. கணக்குச் சரி."

சாமி கும்பிடுகிறவள் நான். அவள் அசையாமல் அணுவும் அசையாது என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதையே அவர் திருப்பிச் சொன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது? துணியை அணைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தேன். பாதி தூரம் வந்த பிறகுதான் பதில் வந்தது.

'அடைச்சது அவதான்னா, திறந்ததும் அவதானே பெரியத்தான்? நீங்க திரும்பின அடுத்த நிமிஷம் குருக்கள் கையால உங்க பக்கத்தையும் தூக்கிட்டாளே. முழுசா நின்னாளே. நீங்கதானே பாக்காம போயிட்டீங்க.'

அவர் திரும்பி நடந்ததால் அவருக்கு அது தெரியவே தெரியாது. யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கேயே நின்றேன். திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் பேசிவிட்டு வந்திருக்கிறோம், உடனே போய் எதிர்வாதம் பண்ணினால் மரியாதையாக இருக்காது, மனசு ஆறட்டும், அடுத்த ஆடிப்பூரத்துக்கு அழைக்கப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரைச் சந்நிதி முன்னால் நிறுத்தியே சொல்ல வேண்டும் என்று ஆசை.

அந்த அடுத்த ஆடி அவருக்கு வரவில்லை. தை மாதம், சம்பா அறுவடைக்கு ஆள் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. என் கணவர் அண்ணனின் இடுப்பில் புது வேட்டியைக் கட்டிவிட்டு, துண்டையும் சுற்றிவிட்டு, அந்தத் துண்டின் முனையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுக்கிற நேரத்தில் அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஓரகத்தியிடம் அந்தப் பதிலைச் சொன்னேன். "நானும் பாத்தேன்டி, முழுசாத்தான் திறந்துச்சு" என்றார். "ஆனா அவரு பின்னாடியே ஓடிட்டேனா, வீட்டுல அவரு மொகத்தப் பாத்ததும் எனக்குமே அது மறந்துபோச்சு." பிறகு, "அவருகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா நீங்கள்லாம் சாப்பிட வந்திருப்பீங்க" என்றார்.

அந்தத் திரையை நாங்கள் மறுபடி கட்டவில்லை. ஓரகத்தியும் நானும் மட்டும் தஞ்சாவூர் போய் வேறு திரை எடுத்தோம். சந்நிதியில் கம்பி மாட்டச் சொல்லிவிட்டு, கடைக்காரரிடமும் கம்பிதான் என்று நாங்களே முந்திக்கொண்டு சொன்னோம். ஒரே துணி. கனமில்லாத பருத்திப் பட்டு. "அப்போ வாஷர் ரிங் போட்டுடலாமா?" என்று கேட்டார். "வேணாம், ஐலெட்டே போடுங்க" என்றார் ஓரகத்தி. நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். அந்த மெல்லிய துணியில் ஐலெட்டின் கால் அழகாக மடங்கிக் கவ்வியது. இரண்டு பேரும் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தோம். ஒன்றும் குத்தவில்லை. அம்பாள் தலைக்கு மேல் கனம் வேண்டாம் என்று பெரியத்தான் கேட்டது தப்பே இல்லை. அன்றைக்கு எடுத்த துணிக்குத்தான் அது பொருந்தவில்லை.

இன்றும் ஆடிப்பூரத்தில் அந்தத் திரை ஒரே இழுப்பில் ஓடுகிறது. என் கணவர் இடது பக்கமாகவே நிற்பார். வலது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு நிற்பார். தெரியாமல் யாராவது அங்கே வந்து நின்றால் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்.

சிங்கப்பூரில் இருக்கிற மகளே, உன் அப்பா பாவி இல்லை. ஊர் முன்னால் தலைகுனிந்து போய், மறுநாள் யாரும் கேட்காமலே தண்ணீரைத் திறந்துவிட்டவர். சாமியை அப்படி நம்பியவர். உன் சித்தி அந்தப் பதிலை அன்றே திரும்பிப் போய்ச் சொல்லியிருந்தால், அவர் எங்களோடு ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

படிக்கிற உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர்த் திரையைப் பற்றி யாராவது பேசினால், இதை எடுத்துச் சொல்லுங்கள். அண்ணனைக் கெட்டவராக்காதீர்கள், தம்பியை நல்லவராக்காதீர்கள், நடுவில் அற்புதம் எதையும் சேர்க்காதீர்கள். பாதி திறந்தது என்பதோடு நிறுத்திவிடாமல், மீதியும் திறந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள்.